கல்லூரி வாயிலில் காவலர்

நம் செட்டிநாட்டு வீடுகளின் அழகை வியந்து பேசாதவர் இல்லை. ஆனால் அவற்றின் காவல் அமைப்பை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. முகப்பு, அதனை அடுத்து வளவு, அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு என்று வீடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முகப்புத் திண்ணை வரை வழிப்போக்கரும் வரலாம். வளவுக்குள் வருபவர் உற்றார் உறவினர். அதற்கும் உள்ளே போக வீட்டாருக்கே உரிமை. கனத்த தேக்குக் கதவும் பெரிய பூட்டும் உண்டு என்பது உண்மைதான். எனினும் வீட்டைக் காத்தது பூட்டு மட்டுமன்று. திண்ணையில் அமர்ந்து, "யார் வீட்டுக்கு வந்தீர்கள்?" என்று வருவோரைக் கேட்ட பெரியவரும் அதற்குக் காவல்தான்.

கல்லூரியும் ஒரு பெரிய வீடு. ஆனால் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் வந்து போகும் வீடு. இங்குத் திண்ணையில் அமர்ந்து கேட்பவர் யார்? வாயிற்காவலரா, முதல்வரா, பேராசிரியர்களா, காவல் துறையினரா, அல்லது நாமேயா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதத் தூண்டிய காரணம்

என் ஊர் நண்பன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட நல்ல மதிப்பெண் பெற்றவன். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்து விடுதியில் சேர்ந்தான். பத்தே நாளில் பெட்டியோடு ஊர் திரும்பினான். கேட்டவர்களுக்கெல்லாம், "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்றான். ஓராண்டு கழித்து, கண்மாய்க் கரையில் ஒரு மாலை வேளையில்தான் என்னிடம் உண்மையைச் சொன்னான். இரவுதோறும் மூத்த மாணவர் சிலர் அவனை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள், பணத்தைப் பறித்திருக்கிறார்கள். "யாரிடமாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன். "யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லையடா" என்றான். இன்று அவன் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். அந்த ஒரு விடை தெரியாததால் ஒரு படிப்பு நின்றது.

வாயிலில் நின்றவர்கள்

காவல் துறையினர் கல்லூரிக்குள் வரலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் மிகக் கூர்மையாக எழுந்த நாள் 2008 நவம்பர் 12. அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வளாகத்தில் இரு பிரிவு மாணவர்களிடையே சாதியை ஒட்டிய பகை மோதலாக வெடித்தது. கட்டைகளாலும் ஆயுதங்களாலும் தாக்கப்பட்டுக் கீழே கிடந்தவர்களையும் விடாமல் அடித்த காட்சியைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. அவற்றைவிட மக்களை அதிர வைத்தது வேறொரு காட்சி. காவலர் பலர் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். முதல்வர் அழைக்காமல் உள்ளே செல்ல முடியாது என்பதே அவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். பின்னர் அரசு நீதிபதி சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது.

இத்தயக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளர்ந்தபோது, காவல் துறையினர் சுட்டதில் இராசேந்திரன் என்ற மாணவர் உயிரிழந்தார். அவர் நம் சிவகங்கையைச் சேர்ந்தவர். கல்வி நிலையத்தின் அருகே காக்கிச் சட்டை தெரிந்தாலே மாணவர் உள்ளம் கசந்ததற்கு இத்தகைய நிகழ்ச்சிகள் காரணம். ஆகவே, "முதல்வரின் அனுமதியின்றிக் காவலர் நுழைவதில்லை" என்பது காலப்போக்கில் ஒரு நல்ல மரபாகவே கருதப்பட்டது. கருத்துரிமையைக் காக்க அம்மரபு தேவை. ஆனால் 1965-இல் காவலர் செய்தது எவ்வளவு வேதனை தந்ததோ, 2008-இல் அவர்கள் செய்யாமல் விட்டதும் அவ்வளவு வேதனை தந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கு மரபு வேறு, சட்டம் வேறு என்பதை நாம் தெளிவாக உணர வேண்டும். பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடப்பதைத் தடுக்கத் தலையிடும் அதிகாரத்தை 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 149-ஆம் பிரிவில் காவலருக்கு வழங்கியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 168-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. கல்லூரி வாயில் என்று எந்த விலக்கும் அதில் இல்லை. வகுப்பில் ஒரு கருத்தைப் பேசியதற்காகக் காவலர் உள்ளே வருவது முறையன்று. கண்ணெதிரே ஒருவர் உயிருக்குப் போராடும்போது வெளியே நிற்பதும் முறையன்று.

ராகிங் குறித்தோ நம் மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் விடுதியில் கொல்லப்பட்டார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே பாதுகாப்பு இல்லை என்றால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு என்ன உறுதி என்று நாடே கேட்டது. அதன் பயனாக வந்ததே 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். அதன்படி ராகிங் செய்வோருக்கும் அதற்குத் துணை நிற்போருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார்; வேறு கல்வி நிலையத்திலும் சேர முடியாது. புகார் வந்தால் நிறுவனத் தலைவர் விசாரித்து, உண்மை எனத் தெரிந்தால் அம்மாணவரை இடைநீக்கம் செய்து, புகாரைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வாறு செய்யத் தவறும் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார். இந்த ஒரு பிரிவு போதும், நம் முதல்வர்களின் சுமை எவ்வளவு பெரியது என்பதை உணர!

2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் ராகிங்கால் உயிரிழந்த பின், பல்கலைக்கழக மானியக் குழு அதே ஆண்டில் நாடு முழுமைக்குமான ஒழுங்குவிதிகளைக் கொண்டு வந்தது. அடிப்பது மட்டும் ராகிங் அன்று. பணம் பறிப்பதும், தம் பாட வேலையைப் புதிய மாணவரைக்கொண்டு எழுத வைப்பதும், சொல்லால் இழிவுபடுத்துவதும் ராகிங்தான் என்று அவ்விதிகள் விளக்கின. ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு அமைய வேண்டும். அதில் ஆசிரியர், பெற்றோர், புதிய மாணவர், மூத்த மாணவர் ஆகியோருடன் காவல் துறைப் பிரதிநிதியும் இடம் பெற வேண்டும். ஆக, காவல் துறை கல்லூரிக்கு வெளியே நிற்கும் அந்நியன் அன்று. குழு மேசையில் ஓர் இருக்கை அதற்கு விதிப்படியே உண்டு.

பூட்டா, பாதுகாப்பா?

மாணவியரின் பாதுகாப்பு கல்லூரிச் சுவரோடு முடிவதில்லை. 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலுக்கு ஆளாகிச் சாலையில் விழுந்து உயிரிழந்தார். அவ்வாண்டே பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. 2025-இல் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்கின்றன. மூத்த பெண் பேராசிரியர் ஒருவர் அதற்குத் தலைவர். மாணவர் தொடர்பான புகாரில் மாணவப் பிரதிநிதிகளும் உறுப்பினர். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி வெளியாள் ஒருவனால் கொடுமைக்கு உள்ளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். ஆனால் முதல் தகவல் அறிக்கையில் இருந்த அவருடைய விவரங்கள் வெளியே கசிந்தன. வேலியே பயிரை மேய்ந்தாற் போன்றதன்றோ இது! சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அஞ்சி வாய் மூடியிருந்தால் இத்தீர்ப்பு வந்திராது.

இத்தகைய நிகழ்ச்சிக்குப் பின் நாம் உடனே செய்வது மாணவியர் விடுதியை இன்னும் முன்னதாகப் பூட்டுவதே. 2015-இல் டெல்லி மாணவியர் 'பிஞ்சரா தோட்' என்ற பெயரில், அதாவது 'கூண்டை உடை' என்ற பெயரில், இதைத்தான் எதிர்த்தனர். குற்றம் செய்பவன் வெளியே உலவ, செய்யாதவர் உள்ளே அடைபடுவது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்டனர். பேருந்து நிறுத்தம் வரை விளக்கு எரிந்தால், நேரத்துக்குப் பேருந்து வந்தால், பாதிப் பாதுகாப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

பிற நாட்டில்

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்குத் தனிக் காவல் துறையே உண்டு. 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நகரக் காவலர் இருவரை நியமித்ததிலிருந்து அது தொடங்கியது. அங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. 1986-இல் ஜீன் கிளெரி என்ற மாணவி தம் விடுதி அறையிலேயே கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் போராடியதால் 1990-இல் ஒரு சட்டம் பிறந்தது. கல்லூரிகள் தம் வளாகத்தில் நடந்த குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதே அதன் சாரம். கல்லூரியின் பெயர் கெடும் என்று மறைப்பதைவிடக் கணக்கைச் சொல்லித் திருத்திக்கொள்வதே மேல் என்ற இக்கருத்து நமக்கும் ஏற்றது.

நம் நாட்டிலும் இயன்ற இடங்களில் வளாகத்துக்குள் காவல் நிலையம் அமையலாம் என்று மானியக் குழு 2015-இல் வழிகாட்டியது. ஆனால் நம் மண்ணுக்கு ஏற்ற வழியாக எனக்குப் படுவது, 2022-இல் கோவை மாநகரக் காவல் துறை தொடங்கிய 'போலீஸ் அக்கா' திட்டம். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெண் காவலர்; அவருடைய எண் மாணவியர் கையில். 'அக்கா' என்ற ஒரு சொல், ஒரு காவல் நிலையக் கட்டடம் செய்ய முடியாததைச் செய்துவிடுகிறது.

நம் பங்கு

நண்பர்களே! என் நண்பனுக்குத் தெரியாமற் போன விடை இதுதான். முதலில் வகுப்பாசிரியர் அல்லது துறைத்தலைவர். பின் ராகிங் தடுப்புக் குழு அல்லது உள்ளகப் புகார் குழு. அவசரமானால் நேரே காவல் துறை. காவல் துறை அழைப்பு எண் 100 அல்லது 112. பெண்களுக்கான உதவி எண் 181. இணையவழி ஏமாற்றுக்கு 1930. ராகிங் புகாருக்கு 1800-180-5522. புகார் தர யாருடைய அனுமதியும் தேவையில்லை. நடந்த இடம் எந்தக் காவல் நிலையத்தின் எல்லையில் இருந்தாலும், அருகில் உள்ள நிலையத்தில் புகார் பதியலாம்.

இவ்வெண்களை எழுதி வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. முதலாண்டு மாணவன் ஒருவன் மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை என்றால், "ஏன்டா தம்பி வரவில்லை?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அதைக் கேட்கக் காவலர் வர வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் இருக்கும் நாம் போதும். அன்று திண்ணையில் அமர்ந்து கேட்ட பெரியவரின் இடம் நம் கல்லூரியில் காலியாக இருக்கிறது. அதில் நாம் ஒவ்வொருவரும் மாறி மாறி அமர்வோமாக!