மகள் எழுதாத அப்பா கதை!

லாரா இங்கால்ஸ் வைல்டர் என்றால் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரியும். காட்டிலும் புல்வெளியிலும் தன் குடும்பம் பிழைத்த பாட்டைக் குழந்தைகளுக்குக் கதையாக எழுதியவர். முதல் புத்தகம் 1932-ம் ஆண்டு வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 65!

அந்தக் கதைகளின் நாயகர் அவருடைய அப்பா, சார்லஸ் இங்கால்ஸ். பிடில் வாசிப்பார். தன் கையாலேயே வீடு கட்டுவார். யாருக்கும் கடன்பட விரும்ப மாட்டார்.

நிஜ அப்பா எப்படி இருந்தார்? கதையை மூடிவைத்துவிட்டு, பழைய காகிதங்களைப் புரட்டினார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

பைபிள் சொன்ன சேதி

அந்தக் காலத்து அமெரிக்கக் குடியானவர் வீடுகளில் பெரிய பைபிள் ஒன்று இருக்கும். கல்யாணம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றை எழுதி வைக்க அதில் தனிப் பக்கங்கள் உண்டு. இங்கால்ஸ் வீட்டிலும் அப்படி எழுதினார்கள். மூன்றாவது மகள் கேரி, 1870 ஆகஸ்டு 3-ந் தேதி கான்சாஸ் மாகாணத்தில் பிறந்தாள் என்று அதில் இருக்கிறது.

கதையிலோ, கைக்குழந்தை கேரியைத் தூக்கிக்கொண்டே குடும்பம் கான்சாசுக்குப் போகிறது! 1867-ல் பிறந்த லாராவுக்கு அங்கே 3 வயதுதான். அவர் எழுதியதில் பெரும்பகுதி பெற்றோர் சொல்லக் கேட்டதே.

1870-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கிலும் அந்தக் குடும்பம் கான்சாசில் இருக்கிறது. நிலத்துக்குப் பத்திரம் மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? அது ஓசேஜ் என்ற பூர்வ குடிகளின் நிலம்! பிறர் மண்ணில்தான் சார்லஸ் வீடு கட்டியிருந்தார். 1871-ல் வண்டி கட்டிக்கொண்டு விஸ்கான்சினுக்கே திரும்பினார்கள்.

மாவுக்கு ஒரு கையெழுத்து

பிறகு மின்னசோட்டாவுக்குப் போனார்கள். அங்கே கோதுமை விளைந்து நின்றபோது வெட்டுக்கிளிகள் வந்தன. 1873 முதல் 1877 வரை அந்தப் பக்கத்து விவசாயிகளை அவை வாட்டி வதைத்தன. கதிர் போயிற்று, புல்லும் போயிற்று.

1875-ம் ஆண்டு இறுதியில் சார்லஸ் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "பிழைக்க எந்த வகையும் இல்லாதவன்" என்று உறுதி கூறும் காகிதம் அது. அப்படி எழுதிக் கொடுத்தால்தான் உதவி கிடைக்கும். கிடைத்தது, இரண்டு அரைப் பீப்பாய் மாவு!

லாராவின் நாவலில் இது இல்லை. அப்பாவின் மானத்தைக் காக்க மகள் நினைத்திருக்கலாம். ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் மாவு இல்லை என்றால் எந்தத் தகப்பன் வீம்பு பிடிப்பான்?

ஆம், அந்த வீட்டில் அப்போது ஒரு பச்சிளங் குழந்தை இருந்தது. 1875 நவம்பர் 1-ந் தேதி பிறந்த ஆண் குழந்தை. அப்பாவின் பெயரையே சேர்த்து சார்லஸ் பிரடெரிக் என்று பெயர் வைத்தார்கள். 1876 ஆகஸ்டு 27-ந் தேதி, பத்து மாதம்கூட நிறையாத குழந்தை இறந்துவிட்டது. நான்கு பெண்கள் வளர்ந்த வீட்டில் அவன் ஒருவன்தான் ஆண் பிள்ளை.

லாரா உயிரோடு இருந்தபோது வெளியிட்ட நாவல்கள் எதிலும் இந்தத் தம்பி இல்லை. 1930-ல் எழுதிய நினைவுக் குறிப்பில் மட்டும் வருகிறான். அது புத்தகமாக வந்தது 2014-ல். லாரா கண்மூடி 57 ஆண்டுகள் ஆகிவிட்டன!

160 ஏக்கர்

1879-ல் குடும்பம் டகோட்டாவுக்குப் போயிற்று. 1862-ம் ஆண்டுச் சட்டப்படி, சிறு கட்டணம் கட்டி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். சார்லஸ் 1880-ல் மனுப் போட்டார். 1886-ல் நிலம் அவருக்கு உறுதியாயிற்று.

சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். வீடு எவ்வளவு பெரிது, எத்தனை ஏக்கர் உழுதாய், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேள்வி மேல் கேள்வி! அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். பதில்கள் எல்லாம் காகிதத்தில் ஏறின.

இப்படிப்பட்ட கட்டுகள் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1890-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு 1921-ல் நடந்த தீ விபத்துக்குப் பின் பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆகையால் பாட்டன், பூட்டனைத் தேடும் அமெரிக்கர்களுக்கு இந்த நிலக் கட்டுகளே பெரிய துணை. நிலம் எந்தச் சதுரத்தில் இருந்தது என்று குறிப்பிட்டு எழுதினால் நகல் வாங்கலாம்.