முகப்பூச்சும் முயலின் கண்ணும்

தலைநகரில் எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வருகிறது. தலைமுறை தலைமுறையாகப் புலால் உண்ணாத குடும்பம். சென்ற தீபாவளிக்கு அவ்வீட்டு அம்மையார் தம் மகளுக்கு உதட்டுச் சாயமும் முகக் கிரீமும் வாங்கி வந்தார். கல்லூரியில் படிக்கும் அப்பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை ஏதேனும் முயலின் கண்ணில் விட்டுச் சோதித்தார்களா என்று எப்படி அறிவது?" என்று கேட்டாள். "அதுதான் பச்சைப் புள்ளி இருக்கிறதேடி!" என்றார் தாயார். "புள்ளி சரக்கைப் பற்றிச் சொல்கிறது, சோதனையைப் பற்றிச் சொல்லவில்லையே, அம்மா!" என்றாள் மகள். இருவரும் வழக்கை என்னிடம் கொண்டுவந்தார்கள். அன்று அவர்களுக்கு விடை தேடப் புகுந்து நான் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முயலின் கண்ணுக்கும் முகப்பூச்சுக்கும் என்ன தொடர்பு? சீயக்காய் தேய்த்துக் குளிக்கும்போது ஒரு துளி கண்ணில் பட்டுவிட்டால் நாம் படும் பாட்டை நாமே அறிவோம். கண்ணீர் பெருகுகிறது, தண்ணீரை வாரி அடித்துக் கழுவிக்கொள்கிறோம். 1944-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். அதில் முயலுக்கு அந்த வசதி இல்லை. தலை மட்டும் வெளியே தெரியுமாறு வெள்ளை முயலை ஒரு பெட்டியில் அடைத்து, ஒரு கண்ணின் கீழ் இமையை இழுத்து, அதில் பொருளை விடுவார்கள். மற்றக் கண் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பின்பு நாள்தோறும் சிவப்பு, வீக்கம், புண், கருவிழியின் மங்கல் ஆகியவற்றை நோக்கி மதிப்பெண் இடுவார்கள். மயிர் மழித்த தோலில் பூசிப் பார்க்கும் சோதனையும் உண்டு. சோதனை முடிந்ததும் அப்பிராணிகள் பெரும்பாலும் கொல்லப்பட்டன.

இம்முறை கொடிய மனத்தினால் மட்டும் பிறந்ததென்று எண்ணிவிடலாகாது. 1933-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைமயிர்ச் சாயத்தைப் பூசிக்கொண்ட பெண்களிற் சிலர் பார்வையை இழந்தார்கள். 1938-இல் அந்நாட்டில் ஒப்பனைப் பொருள்களும் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மனிதக் கண்ணைக் காக்க விரும்பியவர்கள் முயலின் கண்ணைப் பணயம் வைத்தார்கள். இன்றோ அந்தப் பணயம் தேவையில்லை. மனிதத் தோலின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் மெல்லிய தோல்போல் வளர்த்து, அதன்மேல் பொருளைப் பூசிப் பார்க்கும் முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2010-இல் ஏற்றுக்கொண்டது. கண்ணுக்கும் அத்தகைய முறைகள் பின்னர் ஏற்கப்பட்டன. அன்றியும், தீங்கற்றவை என்று நெடுநாளாக அறியப்பட்ட சரக்குகளைக் கொண்டே நல்ல பூச்சுகளைச் செய்துவிட முடியும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒப்பனைப் பொருள்களைப் பிராணிகளிடம் சோதிப்பதை மத்திய அரசு தடை செய்தது. அதே ஆண்டு நவம்பர் முதல், அவ்வாறு சோதிக்கப்பட்ட பொருள்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதும் தடையாயிற்று. தெற்காசியாவில் இதை முதலிற் செய்தது இந்தியாவே. 2020-இல் வந்த ஒப்பனைப் பொருள் விதிகளும் இத்தடைகளைத் தொடர்ந்து நிலைநிறுத்தின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 மார்ச் 11 முதல் முழுத் தடை நடைமுறையில் இருக்கிறது.

அப்படியானால் கவலை தீர்ந்ததன்றோ என்று கேட்பீர்கள். முழுவதும் தீரவில்லை. சட்டம் ஒரு நல்ல வேலி. ஆனால் வேலிக்கு அப்பாலும் நிலம் இருக்கிறது.

முதலாவது, உதட்டுச் சாயத்திற் சேரும் ஒரு ரசாயனம் வர்ணத்திலும் மருந்திலும் சேரலாம். அப்பயன்களுக்காக வேறு சட்டங்களின் கீழ் அது பிராணிகளிடம் சோதிக்கப்படலாம். இரண்டாவது, இங்கே விதிப்படி விற்கும் கம்பெனி வேறொரு நாட்டில் வேறு விதமாக நடக்கலாம். சீனத்தில் பல ஆண்டுகள், இறக்குமதியாகும் ஒப்பனைப் பொருள்களுக்குப் பிராணிச் சோதனை கட்டாயமாக இருந்தது. 2021 மே முதல் சாதாரண வகைப் பொருள்களுக்கு நிபந்தனையுடன் விலக்கு அளித்தார்கள். தலைச் சாயம் போன்ற சிறப்பு வகைகள் அன்று அளித்த அந்த விலக்கில் அடங்கவில்லை. மூன்றாவது, மருந்து என்ற உரிமம் பெற்று விற்கப்படும் தோல் களிம்புகள் ஒப்பனைப் பொருள் தடைக்குள் வாரா. ஆகையால் கடைக்காரர், "இந்தியாவில் விற்கிறது, அதனால் குற்றமில்லை" என்று சொன்னால், அது பாதி விடையே.

இனி, பெட்டியின்மேல் அச்சிட்ட சொற்களைப் பார்ப்போம். 'பிராணிகளிடம் சோதிக்கப்படவில்லை' என்ற வாக்கியம் எதைக் குறிக்கிறது? செய்து முடித்த கிரீமை மட்டுமா, அதிற் சேர்ந்த ஒவ்வொரு சரக்கையுமா? கம்பெனி தானே சோதிக்கவில்லையா, பிறருக்குக் கூலி கொடுத்தும் சோதிக்கவில்லையா? இச்சொற்களுக்குத் தம் நாட்டுச் சட்டத்தில் வரையறை இல்லை என்று அமெரிக்க நிர்வாகமே கூறியிருக்கிறது. முயல் படமும் அப்படித்தான். படம் வரைய எந்த ஓவியருக்கும் தெரியும். அந்த முயலுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதே கேள்வி.

பின்னால் பொறுப்புடன் நிற்கும் முயல்களும் உண்டு. 1996-இல் தோன்றிய 'லீப்பிங் பன்னி' என்னும் துள்ளும் முயல் முத்திரையைப் பெற விரும்பும் கம்பெனி, ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பின் தானும் தனக்குச் சரக்கு அளிப்போரும் புதிய பிராணிச் சோதனை எதையும் செய்யவில்லை என்று காட்டவேண்டும். வெளியார் வந்து கணக்கைத் தணிக்கை செய்யவும் இசையவேண்டும். 'பீட்டா' சங்கத்தின் பட்டியல் கம்பெனிகள் கையொப்பமிட்டு அளிக்கும் உறுதிமொழியை அடிப்படையாகக் கொண்டது. இரண்டும் பயனுள்ளவையே, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சின்னத்தைக் கண்டதும் நின்றுவிடாமல், அச்சங்கத்தின் பட்டியலில் அக்கம்பெனியின் பெயர் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நம் நாட்டில் 1974-இல் புனேயில் தொடங்கிய 'பியூட்டி விதவுட் குரூயல்டி' சங்கமும் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது.

இங்கே தாயார் சொன்ன பச்சைப் புள்ளிக்கு வருவோம். அது சரக்கின் பிறப்பைப் பற்றியது, சோதனையைப் பற்றியதன்று. முயலைத் தொடாமலே செய்த உதட்டுச் சாயத்தில், கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் என்ற பூச்சியைக் காயவைத்து எடுத்த சிவப்பு இருக்கலாம். சரக்குப் பட்டியலில் அது 'கார்மைன்' என்றோ 'சி.ஐ. 75470' என்றோ இருக்கும். 'லானோலின்' என்பது ஆட்டு உரோமத்தின் கொழுப்பு. 'ஷெல்லாக்' என்பது அரக்குப் பூச்சி தரும் அரக்கு. மறுபுறம், தாவரச் சரக்கே நிறைந்த ஒரு புதுக் கிரீமும் எங்கோ ஒரு முயலின் தோலில் பூசப்பட்டிருக்கலாம். எனவே 'எதனாற் செய்தது?' என்பது ஒரு கேள்வி, 'எவ்வாறு சோதித்தது?' என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியே கேட்கவேண்டும்.

யாரிடம் கேட்பது? பெட்டியிலேயே செய்தவர் பெயரும் முகவரியும் இருக்கின்றன. இறக்குமதிப் பொருளாயின் இறக்குமதி செய்தவர் பெயரும் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதுங்கள். நான்கு கேள்விகள் போதும். முடித்த பொருளையோ அதன் சரக்குகளையோ நீங்களோ உங்களுக்காகப் பிறரோ பிராணிகளிடம் சோதிக்கிறீர்களா? உங்களுக்குச் சரக்கு அளிப்போரிடம் இதற்கு எழுத்து மூலமான உறுதி பெற்றிருக்கிறீர்களா? பிராணிச் சோதனை கேட்கும் நாடு எதிலேனும் விற்கிறீர்களா? உங்கள் கம்பெனி வேறொரு பெரிய கம்பெனிக்கு உரியதாயின், அதன் கொள்கை என்ன?

அந்தப் பெண் இப்படி மூன்று கம்பெனிகளுக்கு எழுதினாள். ஒன்று நான்கு கேள்விகளுக்கும் வரிசையாக விடை எழுதியது. மற்றொன்று, "நாங்கள் எல்லா நாடுகளின் சட்டங்களையும் மதித்து நடக்கிறோம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அதிற் பொய் இல்லை. ஆனால் சோதனை கேட்கும் சட்டமும் ஒரு நாட்டின் சட்டந்தானே? மூன்றாவது கம்பெனி பதிலே எழுதவில்லை. தீபாவளிக்கு வாங்கிய கிரீம் அந்த மூன்றாவது கம்பெனியினுடையது. "காசு கொடுத்து வாங்கியதை எறிவானேன்? தீரட்டும். அடுத்தது உன் கடிதத்திற்குப் பதில் எழுதினவர்களுடையது" என்று தாயார் தீர்ப்புச் சொன்னார்.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். இன்று நாம் பாதுகாப்பானவை என்று கருதும் பழைய சரக்குகளிற் பல, என்றோ ஒரு நாள் பிராணிகளிடம் சோதிக்கப்பட்டவையே. எந்த முத்திரையும் அக்கடந்த காலத்தை அழித்துவிடாது. இனி ஒரு முயல் நம் பொருட்டுப் புதிதாகத் துன்புறலாகாது என்பதே அது தரும் உறுதி. அவ்வுறுதி சிறிதன்று.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் டில்லியிலும் பெங்களூரிலும் குடியேறியிருக்கும் நம்மவர் பலர், ஊரிலிருந்து வருவோரிடம் சீயக்காயும் பயற்றமாவும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறோம். அவற்றுடன் ஜீவகாருண்யம் என்ற சொல்லையும் கொண்டு வந்திருக்கிறோம். சமையலறையில் நாம் காக்கும் அந்த நெறியை நிலைக்கண்ணாடியின் முன்னும் காப்பதற்கு நான்கு கேள்விகளும் ஒரு கடிதமும் போதும். அடுத்த முறை கடையில் ஒரு பெட்டியைக் கையில் எடுக்கும்போது, விலையைப் பார்த்த பிறகு, பின்புறத்தில் உள்ள முகவரியையும் பாருங்கள்.