நாலடி தூரமும் நம்ம மூலைமட்டமும்

ஆரணித் தறிக்காரன் வீட்டுப் பையனுக்கு கோல்ஃப் எதுக்குடா என்று சிரிக்காதீர்கள். போன கோடை விடுமுறையில், செமஸ்டர் ஃபீஸ் சேர்க்க, மாமா மூலமாகச் சென்னையில் ஒரு மைதானத்தில் கேடியாகச் சேர்ந்தேன். கேடி என்றால் போலீஸ் தேடும் கேடி இல்லை. ஆடுபவரின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவன்!

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குப் பெயர் கிரீன். அங்கே பந்தை உருட்டிவிடும் தட்டைமுகக் கோல், பட்டர். (வெண்ணெய் ஞாபகம் வரவேண்டாம்.) அந்த உருட்டல்தான் பட்.

நான் பை சுமந்த பெரியவருக்கு நாலடி பட்கூட வலப்பக்கமே விலகிப் போகும். "ஏன் தம்பி இப்படிப் போகுது?" என்றார். கோல் போகிற வழியை மட்டும் பார்த்துவிட்டு, "வலப்பக்கமா வீசறீங்க சார், கொஞ்சம் இடப்பக்கமா இழுங்க" என்று பெரிய ஆள் மாதிரி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அப்படியே இழுத்தார். பந்து மறுபடியும் வலப்பக்கமே போனது. தோற்றார். மறுநாளிலிருந்து என்னைக் கூப்பிடவில்லை. ஃபீஸில் பாதிதான் சேர்ந்திருந்தது.

ஊருக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன். தறியில் இருந்தபடியே சொன்னார்: "இன்னாடா இது, பாவுக்கு அச்சு கோணலா நின்னா, நீ எவ்ளோ நேரா இழுத்து அடிச்சாலும் ஊடை கோணலாத்தான் உக்காரும். கையைப் பாக்காத, அச்சைப் பாரு."

பட்டரின் முகம்தான் அந்த அச்சு! மோதும்போது பந்தின் மேல் விழும் விசை பெரும்பாலும் முகத்துக்குச் செங்குத்தாகவே விழும். உராய்வு மட்டும் அதைக் கொஞ்சம் பாதைப் பக்கம் திருப்பும். ஆகவே பந்து புறப்படும் திசையில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல் முகத்தின் பொறுப்பு; மீதிதான் வீச்சுப் பாதைக்கு. நான் சின்னப் பங்கைத் திருத்தி, பெரிய பங்கை விட்டுவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குழியின் விட்டம் 108 மி.மீ., ஆரம் 54. பத்தடி என்பது 3048 மி.மீ. பந்து 1 டிகிரி விலகிப் புறப்பட்டால் tan பட்டியல்படி 53 மி.மீ. தள்ளிப்போகும். அதாவது குழியின் உதட்டில் தொங்கும். இருபதடியில் அரை டிகிரிதான் இடம். நாலடியில் இரண்டரை டிகிரி வரை பிழைக்கலாம்.

அந்த நாலடிதான் பெரிய ஆட்களையும் கவிழ்க்கும். 2015-இல் தென்கொரியாவில் பிரெசிடென்ட்ஸ் கோப்பை. கடைசி நாள், கடைசிக் குழி. நம் அனிர்பன் லாஹிரி ஏறக்குறைய நாலடி பட்டைத் தவறவிட்டார். அவருடைய சர்வதேச அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் பதக்கத்தை இழந்ததும் ஒரே ஒரு அடியில்தான்.

சரி, முகத்தை எப்படி நேராக வைப்பது? பந்தில் ஒரு கோடு போட்டு அதைக் குழி நோக்கி வையுங்கள். முகம் அந்தக் கோட்டுக்கு 90 டிகிரி. கண் பந்துக்கு நேர் மேலே இருக்கட்டும். மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து ஊசல் மாதிரி ஆட்டுங்கள். மணிக்கட்டு திரும்பினால் முகமும் திரும்பும். தூரம் வேண்டுமானால் ஊசலின் வீச்சைக் கூட்டுங்கள், வேகமாகக் குத்தாதீர்கள். கேடி பின்னால் நின்று நேர் பார்த்துச் சொல்வதை 2019 விதிகள் தடை செய்துவிட்டன. அவரவர் மூலைமட்டம் அவரவர் கண்தான்!

நம் மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒரு சேதி. பணமில்லாமல் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு, அப்பாவின் செருப்புக் கடையில் உழைத்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளரானார். பட்டரின் எடையை நடுவிலிருந்து எடுத்து இரு முனைகளில் வைத்தார். ஃபிளைவீலில் படித்தோமே, அதே மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா! பந்து ஓரத்தில் பட்டாலும் முகம் அதிகம் திருகாது. 1959-இல் செய்த அந்தப் பட்டர் எழுப்பிய ஓசையே 'பிங்' என்ற பெயரானது.

விடுமுறை முடியுமுன் சென்னைக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்தேன். "சார், நான் சொன்னது தப்பு. பாதை இல்ல, முகம் திறந்திருக்கு" என்றேன். ஒன்றும் பேசாமல் பந்தில் கோடு போட்டார். நாலடியில் ஐந்து பந்து; நாலு விழுந்தது. "நாளைக்கு வா" என்றார். நாளைக்கு நமக்குக் காலேஜ்!

மீதி ஃபீஸ் அப்பாவின் ஒரு சேலைக் கூலியில் கட்டப்பட்டது. இப்போதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் பண்ணும்போது, "மூலைமட்டம் வச்சியா?" என்று சார் கத்துவதற்கு முன்னாலேயே வைத்துவிடுகிறேன்.

– மூன்றாமாண்டு, இயந்திரவியல்