சரளைக் குழியும் சாகுபடி நிலமும்

வேளாங்கண்ணி வட்டாரத்தில் மனை உயர்த்தவும் பாதை போடவும் மண் தேடுவோர் பலர். நல்ல சரளை வேண்டுமாயின் வல்லம், புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்பூரான் கல் மேடுகளை நாட வேண்டும். லாரி வாடகை அதிகம். ஆதலால் அருகிலுள்ள பட்டா நிலத்தின் சவுட்டு மண்ணுக்கு விலை பேசப்படுகிறது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் அவ்விலை பெரிதாகத் தோன்றுவது இயல்பே. எனினும் மண் விற்ற பணம் ஓராண்டில் தீரும். குழியோ பிள்ளைகள் காலத்திலும் நிற்கும். கையெழுத்திடுமுன் அங்கத்தினர்கள் இதனைச் சீர்தூக்கிப் பார்த்தல் அவசியம்.

கடல் கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையோர வயல்களில் உப்பு நீரைப் பாய்ச்சிற்று. இனி இங்கே பயிர் ஏது என்று பலரும் கலங்கினர். ஆயினும் வடிகாலைத் திறந்து, வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி வடித்தனர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதனர். களிமண் வயல்களுக்கு ஜிப்சமும் இட்டனர். 2005-ன் வடகிழக்குப் பருவமழையும் பலமாய்ப் பெய்து உப்பைக் கழுவிற்று. ஓரிரு ஆண்டுகளில் நிலங்கள் பல மீண்டும் பயிர் கண்டன. மேல்மண் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தமையால் அது கைகூடிற்று. மேல்மண்ணை விற்றுவிட்ட நிலத்திற்கு இவ்வழி உதவாது. ஓர் ஏக்கரில் ஓரடி மண் என்பது ஏறத்தாழ 435 யூனிட். அதனை மீண்டும் விலைக்கு வாங்கி நிரப்ப யாரால் இயலும்?

அடியில் உப்பு நீர்

இக்கரையோர மணற்பாங்கில் மழைநீர், கனமான உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பு நீரை அது அழுத்தி வைக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. குழி தோண்டி நீரை இறைத்தாலும் வெயிலில் வற்றவிட்டாலும் நன்னீர் மட்டம் தாழும். உப்பு நீர் மேலேறும். அதனால் அடுத்த வீட்டுக் கிணறும் கெடும். ஒருவர் நிலத்துக் குழி ஊரார் அனைவரின் காரியமாவது இதனாலேயே.

பார்வையிடும் முறை

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-ன்படி பட்டா நிலத்தில் மண் எடுக்கவும் அனுமதி வேண்டும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27-ல் தீர்ப்பளித்தது. பார்வையிடச் செல்வோர் நான்கு விஷயங்களைக் கவனிக்கட்டும்: அனுமதித்த ஆழமும் எல்லையும் மீறப்பட்டனவா? மேல்மண் தனியே குவிக்கப்பட்டுள்ளதா? வடிகால் வாய்க்கால் அடைபட்டதா? சுற்றுக் கிணறுகளின் நீர் உவர்க்கிறதா? குழிக்கு முன்னும் பின்னும் மண்ணையும் நீரையும் பரிசோதனைக்கு அனுப்பிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துதல் நலம்.

மீட்கும் வழி

ஏற்கெனவே தோண்டிய குழி ஆழமற்றதாயின், செங்குத்தான கரையைச் சரித்துச் சமப்படுத்துக. அடியில் வண்டலும் களியும் பரப்பி, அதன்மேல் சேமித்த மேல்மண்ணை இடுக. ஏரி, குளத்து வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரே அனுமதியளிக்க 2024-ல் வழி செய்யப்பட்டது. பின் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுக. உப்பு வடிய வழி செய்யாமல் ஜிப்சம் இடுவது வீண்.

நீர் ஊறும் ஆழக் குழியை வயலாக்க முயல்வது வீண் செலவு. கரையை ஓரடி ஆழத்துக்கு இரண்டடி சரிவாக்கி, வெட்டிவேரும் பனையும் நட்டு, மழைநீர்க் குட்டையாக வைத்துக்கொள்ளலாம். ஊர்க் குப்பையைக் கொட்டி நிரப்புவது மட்டும் கூடவே கூடாது. அதன் கசிவு குடிநீரில் கலக்கும்.

சங்கத்தின் கடமை

தனி ஒருவர் லாரியை மறித்தால் பகை வளரும். சங்கம் கூடி, குழி தொடங்குமுன் நிலத்தைப் பார்வையிட்டு, மேல்மண்ணைப் பாதுகாக்கும் நிபந்தனையை எழுத்தில் பெற்றால் நியாயம் நிலைக்கும். வறுமையால் மண் விற்க முன்வரும் அங்கத்தினருக்குக் காலத்தில் கடனுதவி செய்வதும் அதே கடமையின் பகுதியாகும்.