அவரோடு நீங்களும் போங்கள்

இதையெல்லாம் எழுதலாமா என்று நான்கு நாட்கள் யோசித்தேன். என் தங்கைதான், "எழுதுக்கா, என்னை மாதிரி இன்னொருத்தி அழக்கூடாது" என்றாள். அதனால் எழுதுகிறேன், சகோதரிகளே.

எங்களூர் ஆரணி. தங்கை வீட்டில் பட்டுத் தறி. ஒருநாள் நான் போனபோது ராட்டையில் தார் சுற்றியபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னடி?" என்றேன். "ரெண்டு வருஷமா அவரு தறிப் பக்கத்துலயே படுத்துக்கிறாருக்கா. என் மேல ஆசை விட்டுப்போச்சு போல" என்றாள்.

என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையிடம் பக்குவமாகப் பேசிப் பார்த்தார். ஆசை போகவில்லை, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. அவர் வெட்கப்பட்டு, லாட்ஜில் முகாம் போட்ட ஒருவரிடம் லேகியம் வாங்கி, இரண்டு புடவைக் கூலியைத் தொலைத்திருந்தார். ஆண்மைக் குறைவுக்கு மருந்தென்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இருவரையும் வேலூருக்கு அனுப்பினோம். பரிசோதித்தால், சர்க்கரை எக்கச்சக்கம்! சர்க்கரை பல வருடம் கட்டுக்கடங்காமல் இருந்தால் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெட்டு, விறைப்புக்கு வேண்டிய ரத்தம் வந்து தங்காதாம். இது இதய நோய்க்கும் முன் அறிகுறியாக இருக்கலாம் என்று இதயத்தையும் சோதித்தார்கள்.

முதலில் மாத்திரை. 1998-ல் வந்த சில்டெனாஃபில் பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. மாப்பிள்ளைக்கு மாத்திரையும் கேட்கவில்லை, ஊசியும் கேட்கவில்லை. கடைசி வழியாக டாக்டர் சொன்னது ஆபரேஷன்.

உறுப்புக்குள் பஞ்சு போன்ற இரண்டு குழல்கள் இயற்கையாகவே உண்டு. அவற்றுக்குள் இரண்டு சிலிகான் தண்டுகளைப் பொருத்திவிடுகிறார்கள். 1973-ல் அமெரிக்காவில் டாக்டர் பிரான்ட்லி ஸ்காட் அறிமுகப்படுத்திய வகையில் விதைப்பைக்குள் ஒரு சிறு பம்ப் இருக்கும். அதை அழுத்தினால் தண்டுகளில் நீர் ஏறும். வேண்டாதபோது இறக்கிவிடலாம். அதற்கு விலை மிக அதிகம். மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்த நம் நாட்டுத் தண்டு, வளைத்து வைத்துக்கொள்ளும் வகை. அது விலை குறைவு. மாப்பிள்ளைக்கு அதுதான் வைத்தார்கள்.

தங்கை கூடவே இருந்ததால் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தொடு உணர்ச்சி மாறாது. சிறுநீர் போவதிலும் தடையில்லை. ஆனால் இது ஆசையைக் கூட்டும் வைத்தியமல்ல. வைத்த பிறகு பழைய இயற்கை விறைப்பு திரும்பாது. கிருமி தொற்றினால் தண்டை எடுத்துவிடவும் நேரலாம். அதனால்தான் மூன்று மாதம் பத்தியமும் மருந்துமாகச் சர்க்கரையை இறக்கிய பிறகே ஆபரேஷன் செய்தார்கள். அதன்பின் ஆறு வாரம் தாம்பத்தியம் கூடாது என்றார்கள்.

இப்போது தங்கை முகத்தில் பழைய சிரிப்பு. "அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு வருஷம் வீணாயிருக்காது அக்கா" என்கிறாள்.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியிராது. மாத்திரையிலேயே சரியாகிறவர்கள் உண்டு. கணவர் விலகிப் படுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கேளுங்கள். முதலில் சர்க்கரையைப் பாருங்கள். டாக்டர் அறைக்குள் அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.