பொது வீதியில் துப்பாக்கியும் போலீஸாரின் அதிகார வரம்பும்

பன்றிகளினின்றும் பயிரைக் காக்கும் பொருட்டு லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர்கள் பல கிராமங்களில் உளர். அவருள் ஒருவர் இரவெல்லாம் கொல்லையிற் காவலிருந்து, விடியற்காலையில் துப்பாக்கியைத் தோளிற் சாய்த்துக்கொண்டு கடைத்தெரு வழியே வீடு திரும்புகிறார், போலீஸார் நிறுத்துகின்றனர். அவர் செய்தது பிழையா? போலீஸார் எதுவரை செல்லலாம்? இவற்றை அறியாதவர் வீணே அஞ்சி ஓடுவர். அன்றேல் வீணே வாதாடிக் கைதாவர்.

இந்தியாவில் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக 1959-ஆம் வருஷத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெற இச்சட்டம் இடந்தருகிறது. ஆயினும் லைசென்ஸ் உள்ளவரும் அதைப் பகிரங்கமாக ஏந்திச் செல்லலாகாது. பொது இடத்தில் துப்பாக்கி அதற்குரிய உறையில் முழுதும் மூடப்பட்டும், எடுத்துச் செல்பவரின் கைவசத்திலும் இருத்தல் வேண்டும் என்பது 2016-ஆம் வருஷத்து விதி. கலியாணத்திலும் திருவிழாவிலும் அதைக் காட்டி ஆர்ப்பரித்தால் லைசென்ஸ் ரத்தாகலாம்.

இனி, போலீஸாரின் அதிகாரம் படிப்படியானது. ஆயுதம் எடுத்துச் செல்லும் எவரிடமும் லைசென்ஸைக் காட்டும்படி அவர்கள் கேட்கலாம். இதற்கு முன்சந்தேகம் வேண்டுவதில்லை. இது 19-ஆம் பிரிவு. காட்டத் தவறினால் பெயரும் விலாசமும் கேட்கலாம். அவசியமெனக் கருதினால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, பொய் சொல்வதாகவோ தப்பியோட எண்ணுவதாகவோ சந்தேகப்பட்டாலோ, அதன் பின்னரே இப்பிரிவின்படி வாரண்டின்றிக் கைது செய்யலாம்.

ஒரு விலக்கு உண்டு. சட்டவிரோத காரியத்துக்கு ஆயுதம் கொண்டு செல்லப்படுகிறதென்று சந்தேகிக்கத் தக்க நியாயமிருப்பின், லைசென்ஸ் இருந்தாலுங்கூட 20-ஆம் பிரிவின்படி கைது செய்யலாம். லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி வைத்திருத்தலோ தனிக் குற்றம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி இதற்கு இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறைவாசமும் அபராதமும் உண்டு.

கைதானவருக்கும் பாதுகாப்பு உண்டு. கைதின் காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் கொண்டுபோக வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22-ஆம் ஷரத்து.

மற்றொன்றும் நினைவிலிருத்தல் நலம். துப்பாக்கி லைசென்ஸ் வனவிலங்கைக் கொல்லும் அனுமதி ஆகாது. அதை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தனியே கட்டுப்படுத்துகிறது.

ஆகவே, துப்பாக்கியுடையோர் அதை உறையிலிட்டே வெளியே எடுத்துச் செல்க. லைசென்ஸை நனையாத பையிலிட்டு உடன் கொண்டு செல்க. போலீஸார் கேட்டால் நின்று, பணிவாகக் காட்டுக. லைசென்ஸும் உறையும் சரியாக இருந்து, நடத்தையும் நேராக இருப்பின், குடியானவர் அச்சமின்றி வீடு திரும்பலாம்.