தெளிவில்லாத சட்டம்

சிறுவர் நலம் என்ற பெயரால் வரும் சட்டத்தை எதிர்த்துப் பேச யாரும் எளிதில் துணிவதில்லை. அதனாலேயே அத்தகைய சட்டத்தை மற்றவற்றினும் உற்று நோக்க வேண்டியிருக்கிறது. மதுவையும் புகையிலையையும் சிறுவருக்கு விற்கலாகாதென்று தடுக்க ராஜாங்கத்துக்கு அதிகாரம் உண்டென்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் தடுக்க விரும்பும் பொருள் ஒரு கதையாகவும் சித்திரமாகவும் பேச்சாகவும் இருந்தால் என் செய்வது? இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஸுப்ரீம் கோர்ட் 2011-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி விடையளித்தது. பேச்சுச் சுதந்திரத்தில் பற்றுள்ளோர் யாவரும் அத்தீர்ப்பை ஆராய்வது அவசியம்.

கலிபோர்னியா ராஜ்யத்தில் 2005-ம் வருஷம் ஒரு சட்டம் நிறைவேறியது. சினிமாவில் துப்பாக்கி ஏந்திப் பெயர் பெற்று, பிறகு கவர்னரான ஆர்னால்ட் ஷ்வார்ஸநெகரே அதில் கையொப்பமிட்டார். மனித உருவைக் கொல்லுதல், அங்கஹீனம் செய்தல், துண்டித்தல், பலாத்காரம் செய்தல் ஆகியவற்றுக்கு இடந்தரும் வீடியோ விளையாட்டுகளில், சட்டம் கூறிய சில இலக்கணங்களுக்கு உட்பட்டவற்றை, 18 வயது நிரம்பாதவர்க்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. அவற்றின் உறைமேல் ‘18’ என்று பெரிதாகப் பொறிக்க வேண்டும். மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். பெற்றோர் தாமே வாங்கித் தருவதற்குத் தடை இல்லை. வியாபாரிகள் வழக்குத் தொடுத்தனர். கீழ்க் கோர்ட் முதலில் சட்டத்தை நிறுத்தி வைத்தது, பின்னர் செல்லாதென்றது. அப்பீல் கோர்ட்டும் 2009-ல் அவ்வாறே கூறியது. ஆகவே அச்சட்டம் ஒரு நாளேனும் அமலுக்கு வரவில்லை.

ஸுப்ரீம் கோர்ட்டிலும் ஒன்பது நியாயாதிபதிகளில் எழுவர் சட்டத்தைத் தள்ளினர். அவர்களில் ஐவரின் தீர்ப்பை ஸ்கலியா எழுதினார். ஹிம்சையைச் சித்திரிப்பதும் பேச்சே என்றும், அதைச் சுதந்திரத்தின் வரம்புக்கு வெளியே தள்ளச் சட்டசபைக்கு உரிமையில்லை என்றும் அவர் கூறினார். கிரிம் சகோதரர்களின் கதைகளில் குழந்தைகள் சூனியக்காரியை அடுப்பில் தள்ளவில்லையா? ஹோமரின் காவியத்தில் ஒற்றைக்கண் அரக்கனின் கண் குத்தப்படவில்லையா? இவை அவர் காட்டிய உதாரணங்கள். விளையாட்டினால் சிறுவர் கொடியராகிறார்கள் என்று சர்க்கார் கொண்டுவந்த ஆராய்ச்சிகள் காரண காரிய சம்பந்தத்தை நிரூபிக்கவில்லை என்றும் அவர் முடிவு செய்தார். சினிமாவையும் சித்திரக் கதைகளையும் விட்டு வீடியோ விளையாட்டை மட்டும் பிடித்தது ஏன் என்று அவர் கேட்டதும் நியாயமே.

மாறுபட்ட இருவருள் ஒருவரான பிரேயரின் வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. நிர்வாணப் படங்கள் கொண்ட பத்திரிகைகளை 17 வயதுக்குட்பட்டவர்க்கு விற்பதைத் தடுத்த நியூயார்க் சட்டத்தை இதே கோர்ட் 1968-ல் ஏற்றுக்கொண்டது. 13 வயதுப் பையனுக்கு ஒரு பெண்ணின் நிர்வாணப் படத்தை விற்பது குற்றமாகலாம். அதே பெண்ணைக் கட்டிப்போட்டு வதைத்துக் கொல்லும் விளையாட்டை விற்பது குற்றமாகாதா? ஆபாசத்துக்குத் தடை நெடுநாளைய வழக்கம், ஹிம்சைக்கு அவ்வழக்கம் இல்லை என்பதே பெரும்பான்மையோர் விடை. பழைய வழக்கம் என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது.

அப்படியானால் சட்டம் நிலைத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். அதற்கு நாம் ஏற்கும் காரணம், நியாயாதிபதிகள் அலிட்டோவும் ராபர்ட்ஸும் தனியே கூறியது. சட்டத்தின் சொற்களில் தெளிவில்லை. சிறுவரின் விகாரமான நாட்டத்துக்குத் தீனியாகிறதா, சமூகத்தின் மதிப்புக்கு ஒவ்வாததா, சிறுவருக்கு இலக்கிய மதிப்போ கலை மதிப்போ இல்லாததா என்றெல்லாம் ஆராய்ந்த பிறகே ஒரு விளையாட்டு இச்சட்டத்தில் சிக்கும். இதை முன்கூட்டி ஊகித்து ‘18’ பொறிக்க வேண்டியவன் அதைத் தயாரிப்பவனும் தருவிப்பவனும். அவன் ஊகம் தவறினால் அபராதம். இப்படிப் பயந்தவன் என்ன செய்வான்? சந்தேகமுள்ள அனைத்திலும் முத்திரை குத்துவான். அல்லது அத்தகைய கதையையே கைவிடுவான். தடை உத்தரவை எதிர்த்து வழக்காடலாம். மனத்துக்குள் புகுந்த பயத்தை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

வேறு வழி இல்லாமலில்லை. ஜெர்மனியில் 2003 முதல் விளையாட்டுகளை முன்கூட்டியே பரிசீலித்து வயதுக் குறி இடுகிறார்கள். சட்டம் அக்குறியைக் கட்டாயமாக்குகிறது. பிரிட்டனிலும் 12, 16, 18 என்னும் குறிகளுக்கு 2012-ல் சட்ட பலம் கிடைத்தது. கடைக்காரன் எண்ணைப் பார்த்தால் போதும். தணிக்கை என்ற சொல் நமக்குக் கசப்பானதே. ஆயினும் வயதைக் குறிப்பது வேறு, வெளியிடுவதையே தடுப்பது வேறு. பரிசீலிப்போர் முன்னதோடு நிற்க வேண்டும். அவர்கள் அளவுகோல் பகிரங்கமாக இருக்க வேண்டும். அவர்கள் முடிவின்மேல் அப்பீலுக்கும் இடம் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1994 முதல் வியாபாரிகளே வயதுக் குறி இட்டு வருகின்றனர். மத்திய வர்த்தகக் கமிஷன் சிறுவரை அனுப்பிச் சோதித்து 2009-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 17 வயதினர்க்கும் மூத்தோர்க்கும் உரிய விளையாட்டுகளை அவர்களில் நூற்றுக்கு 20 பேரே வாங்க முடிந்தது. சட்டமின்றியே இவ்வளவு நடந்திருக்கிறது. ஐந்தில் ஒருவன் வாங்கிவிட்டான் என்பதும் அதே கணக்குத்தான்.

இனி எத்தேசத்திலாயினும் இவ்விஷயத்தில் சட்டம் செய்ய முற்படுவோர், எது குற்றம் என்பதைச் சாதாரண மனிதனுக்கு விளங்கும் சொற்களில் எழுதட்டும். தீங்கு இன்னதென்று ருஜுப்படுத்தட்டும். சினிமாவுக்கு ஒரு நீதி, வீடியோ விளையாட்டுக்கு ஒரு நீதி என்று பிரிக்காதிருக்கட்டும். இம்மூன்றும் கைகூடாத சட்டத்தை, அதன் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், பிரஜைகள் ஏற்க வேண்டியதில்லை.